ஊமைமலைத் தண்ணீர்

"கொடுத்தது யாருன்னே தெரியாம நன்றி சொல்றது எப்படிங்கம்மா?"

நாச்சிமுத்து கேட்டார்.

பொன்னாத்தாள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"கொடுத்தது என்னதுங்கண்ணா?"

"கிட்னிங்க."

முறம் நின்றது.

நாச்சிமுத்து நூல்மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் எதையும் சும்மா வாங்கிப் பழகாத மனுசர். காலையில் ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த டீ இவருக்குச் செரிக்காது.

அவர் சம்சாரம் இராமாத்தாள் அதற்கும் ஒரு படி மேல். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு போசியில் குழம்பு வந்தால் அந்தப் போசியை வெறுமனே திருப்பித் தர மாட்டாள். ஒன்றும் இல்லாத நாளில் இரண்டு எலுமிச்சம்பழமாவது போட்டுத்தான் அனுப்புவாள். ஜாடிக்கேற்ற மூடி.

அந்த வீட்டுக்குத்தான் இப்படி ஒன்று வந்து சேர்ந்தது. திருப்பிக் கொடுக்க முடியாதது. கொண்டுபோய்க் கொடுக்க வீடும் தெரியாதது.

"வீட்டுக்காரி ரெண்டு வருசம் டயாலிசிஸ்ல கிடந்தாளுங்க. தண்ணிகூட அளந்துதான் குடிக்கோணும். அப்புறம் ஒரு நாள் போன் வந்துது. யாரோ ஒருத்தருக்கு மூளைச்சாவு, அவங்க வீட்டுல கொடுக்கச் சம்மதிச்சுட்டாங்க, உடனே புறப்பட்டு வாங்கன்னு. போனோம். வெச்சாங்க. பொழைச்சுட்டா."

"சந்தோசமுங்க."

"யாரு கொடுத்தாங்கன்னு எத்தனையோ கேட்டுப் பார்த்தேனுங்க. சொல்லக் கூடாது, சட்டமுன்னுட்டாங்க. பேரு தெரியாது. ஊரு தெரியாது. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது."

"தெரியாட்டிப் போகுதுங்க. அம்மிணி நல்லா இருக்காங்கல்ல?"

அங்கேதான் நாச்சிமுத்தின் குரல் உடைந்தது.

"மாத்திரை போட மாட்டேங்கறாளுங்க. கையில கொடுத்தா வாங்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. யாரோ பெத்த புள்ளை மண்ணுக்குள்ள போயிட்டுது, நான் இங்க சொம்பு சொம்பாத் தண்ணி குடிச்சுட்டு இருக்கறேனேங்கறா. ஒரு வேளை போடறா, ஒரு வேளை விட்டுடறா. அப்படி விட்டா, வெச்ச கிட்னியை உடம்பே ஏத்துக்காதுன்னு டாக்டர் சத்தம் போடறாரு. போன வாரம் ரத்தம் பார்த்தாங்க. உப்பு மறுபடி ஏற ஆரம்பிச்சிருச்சுங்க."

பொன்னாத்தாள் கம்பில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"நன்றியை ஒரு இடத்துல கொண்டுபோய்ச் சேர்த்துட்டேன்னு நான் போய்ச் சொன்னாத்தான் அவ மனசு ஆறும். எங்க சேர்க்கறதுங்க?"

பொன்னாத்தாள் காவி கட்டியவள் இல்லை. வயதும் நாற்பதைத் தாண்டாது. நாச்சிமுத்துக்குத் தங்கச்சி முறை வைக்கலாம். ஊமைமலை அடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு, நாலு ஆடு, மலையேற வருகிறவர்களுக்குத் துணை போகிற வேலை. அவளிடம் போய்க் கேட்டால் பதில் கிடைக்கும் என்பது ஊர்ப்பேச்சு. பதிலைவிட வேலைதான் அதிகம் கிடைக்கும் என்பது கேட்டுப் போனவர்கள் பேச்சு.

அவள் முறத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"நாளைக்கு வெள்ளென மலைக்கு வாங்கண்ணா."

நாச்சிமுத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. மலையுச்சியில் ஒரு வேல் நட்டிருக்கிறது. சாமியிடம் சொல்லிவிட்டால் சாமி சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிடும். இது ஏன் தனக்கு முதலிலேயே தோன்றவில்லை?

"தண்ணி எவ்வளவு எடுத்துக்கோணுமுங்க?"

"வேணுங்கற அளவு எடுத்துக்குங்க."

இதைவிட எளிய பதில் இருக்க முடியாது என்று அவர் நினைத்தார்.

ஓடைச் சத்தம் கேட்காத மலை அது. அதனால்தான் ஊமைமலை. மழைக்காலத்தில் மட்டும் அங்கங்கே பாறைக்குழியில் தண்ணீர் தேங்கும். மற்ற மாதங்களில் மலை வாயைத் திறக்காது.

இதைத் தெரிந்துகொள்ள நாச்சிமுத்து விசாரிக்கத்தான் செய்தார். விசாரித்த இடம் டீக்கடை.

"பாதி வழியில சுனை இருக்குதுங்க. அள்ள அள்ள வரும். வத்தவே வத்தாது" என்றார் ஒருவர். நல்ல மனுசர். மலையைத் தினமும் டீக்கடை பெஞ்சிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பவர்.

மறுநாள் நாச்சிமுத்து வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பையில் தேங்காய், பழம், ஊதுபத்தி, கற்பூரம், எண்ணெய், திரி, சாமிக்குச் சாத்தப் பட்டுத்துண்டு. இன்னொரு கையில் ஆள் நீள மாலை. தண்ணீர் மட்டும் ஒரே ஒரு பாட்டில்.

பொன்னாத்தாள் முதுகில் ஒரு பெரிய கேன். கழுத்துவரை தண்ணீர்.

"இத்தனை எதுக்குங்கம்மா? அதான் வழியில சுனை இருக்குதாமே."

"அப்படீங்களா?"

அவ்வளவுதான் சொன்னாள். நடந்தார்கள்.

பங்குனி வெயில். காலை வெயில்தானே என்று இருந்துவிட முடியாது. பாறை நேற்றைய சூட்டையே இன்னும் இறக்கி வைத்திருக்கவில்லை. நாச்சிமுத்து தாராளமாகக் குடித்தார். ஒரு மடக்கு குடித்து, ஒரு மடக்கில் முகம் கழுவி, துண்டையும் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். சுனை இருக்கும்போது என்ன பயம்?

சுனை இருந்தது. தண்ணீர்தான் இல்லை.

வெடித்த சேறு. அதில் ஆடு மிதித்த தடம் காய்ந்து கிடந்தது. நாச்சிமுத்து குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பார்த்துக்கொண்டிருந்தால் ஊறிவிடும் என்பதைப் போல.

"உங்க பாட்டில்ல எவ்வளவு இருக்குதுங்கண்ணா?"

அவர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். அடியில் கொஞ்சம் ஆடியது.

"திரும்பலாமுங்க" என்றாள்.

"ஏனுங்க? உங்க கேன் நிறைய இருக்குதே!"

"இருக்குதுங்க."

"பின்னே?"

"இதுல ஒரு பங்கு ஏறுறதுக்கு. ஒரு பங்கு இறங்குறதுக்கு. ஏறுற பங்கை ரெண்டு பேரு குடிச்சா உச்சிக்குப் பத்தாது. இறங்குற பங்கைத் தொட்டு ஏறுனா, வீடு போய்ச் சேர முடியாது."

"மூணு பங்கு இருக்கும்போல இருக்குதே?"

"மூணாவது நம்மளது இல்லீங்க."

"யாரோடதுங்க?"

"தெரியாதுங்க."

நாச்சிமுத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வீட்டில் ஒருத்தி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவள் தெரியாதவனுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு தெரிந்தவனைத் திருப்பி அனுப்புகிறாள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு இறங்கினார்.

இறங்குகிற வழியில் தலை சுற்றியது. உட்கார்ந்துவிட்டார். பொன்னாத்தாள் கேனைச் சாய்த்துக் கொடுத்தாள். குடித்தார். இன்னொரு இடத்தில் உட்கார்ந்தார். அங்கேயும் குடித்தார். அடிவாரம் வந்தபோதுதான் தெரிந்தது, இறங்குகிற பங்கு முழுவதும் தன் ஒருவர் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று.

அவருக்கு அது செரிக்குமா? மறுநாளே ஒரு மூட்டைத் தேங்காய் பொன்னாத்தாள் வீட்டு வாசலில் இறங்கியது.

அவள் அதை அந்த வழியே போனவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

வீட்டில் இராமாத்தாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"இல்ல கண்ணு. உச்சிக்குப் போக முடியல. அடுத்த வாரம் போறேன்."

"போய்?"

"சாமிகிட்டச் சொல்றேன்."

"சாமியா கொடுத்துச்சு?"

இராமாத்தாள் மாத்திரையை டப்பாவுக்குள்ளேயே திரும்பப் போட்டு மூடினாள். கோபமாகச் செய்யவில்லை. அடுத்தவர் பொருளைத் தொட்டுவிட்டவள் திரும்ப வைப்பது போல வைத்தாள்.

அந்த வாரம் அவர் கெஞ்சினார், மிரட்டினார், ஒரு தடவை அழவும் செய்தார். அவர் அழுததற்காக இரண்டு வேளை போட்டாள். மூன்றாவது வேளை மறுபடியும் பழைய கதை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது. நாச்சிமுத்து போனார். ஆனால் இந்தத் தடவை தேங்காய் இல்லை, மாலை இல்லை, பட்டுத்துண்டும் இல்லை. எல்லாம் தண்ணீர்.

பெரிய பெரிய பாட்டில்களாகப் பார்த்து, பழைய வேட்டி ஒன்றில் மொத்தமாகப் போட்டு, ஒரே முடிச்சாகக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தார். தூரத்தில் பார்த்தால் வண்ணான் துறைக்குப் போகிற மூட்டை நடந்து வருவது போலத்தான் இருந்தது.

"ஏறுற பங்கு, இறங்குற பங்கு, அந்த மூணாவது பங்கு, எல்லாம் இருக்குதுங்க. இந்தத் தடவை உங்க கேன்ல நான் கைவைக்க மாட்டேன்" என்றார்.

பொன்னாத்தாள் மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எல்லாம் ஒரே முடிச்சுங்களா?"

"நூல்மில்லுல பேல்பேலா நூல்மூட்டை கட்டுன கைங்கம்மா. அவுறாது."

"அவுறாதுங்க" என்று ஒத்துக்கொண்டாள்.

மூட்டை கனத்தது. கனத்ததனால் வியர்த்தது. வியர்த்ததனால் தாகம் எடுத்தது. குடிக்க வேண்டுமென்றால் மூட்டையை இறக்கி, முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் கட்டி ஏற்ற வேண்டும். அதற்குச் சோம்பி அவர் குடிக்காமலே நடந்தார். முதுகு நிறையத் தண்ணீர், நாக்கு மட்டும் வறட்சி. இப்படி ஒரு காட்சியை ஊமைமலை பார்த்திருக்காது.

காய்ந்த சுனையைத் தாண்டினார்கள். அதற்கு மேல் பாறையில் படி வெட்டிய செங்குத்தான ஏற்றம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

முடிச்சு அவிழவில்லை. சொன்ன சொல் தவறாத முடிச்சு.

வேட்டிதான் கிழிந்தது.

பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளத்துக்குள் உருண்டன. கீழே பாறையில் மோதி மோதி வெடித்தன. ஊமைமலையில் அத்தனை தண்ணீர்ச் சத்தம் அதற்கு முன் கேட்டிருக்காது.

நாச்சிமுத்து கிழிந்த வேட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

பொன்னாத்தாள் கேட்டாள்.

"திரும்பலாமுங்களா?"

"மாட்டேனுங்க."

"தண்ணி குடிங்க." கேனை நீட்டினாள்.

"அதுவும் மாட்டேனுங்க. போன தடவையே உங்க பங்கைக் குடிச்சுட்டேன். இனி ஒரு சொட்டு வாங்க மாட்டேன்."

"ஏனுங்கண்ணா?"

"வாங்கி வாங்கிச் சேர்த்துட்டே போனா, நான் எப்பத்தான் திருப்பிக் கொடுக்கறது?"

பொன்னாத்தாள் கேனை மூடினாள். வற்புறுத்தவில்லை.

"அப்படின்னா அந்தத் தொங்குபாறை வரைக்கும் வாங்க. நிழல் இருக்குது. சித்த நேரம் உக்காந்துட்டு முடிவு பண்ணலாம்."

தொங்குபாறை அதிக தூரமில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனால் நாச்சிமுத்துக்கு முதலில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. பிறகு வியர்வை நின்றுபோனது. வெயிலில் நிற்கிறவனுக்கு வியர்வை நிற்கிறதென்றால் அது நல்லதுக்கில்லை. பொன்னாத்தாள் ஈரத்துணியை அவர் தலையில் போட்டு, அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு போனாள். கடைசிக் கொஞ்ச தூரம் அவர் நடந்தாரா தவழ்ந்தாரா என்று அவருக்கே தெரியாது.

பாறைக்கடியில் கிடத்தினாள். கேனைத் திறந்தாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினார்.

பிடிவாதம் அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் சொந்தமில்லை.

பொன்னாத்தாள் எழுந்து பாறையின் உள்பக்கம் போனாள். மண்ணில் பாதி புதைத்த ஒரு பானை இருந்தது. மேலே பலகை மூடி, மூடிமேல் கல். கல்லை எடுத்து, மூடியைத் தள்ளி, தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு வந்தாள்.

"இது என்னோட தண்ணி இல்லீங்க" என்றாள். "குடிங்க."

நாச்சிமுத்து குடித்தார்.

சில்லென்று இருந்தது. தொண்டையில் இறங்குவது தெரிந்தது. நெஞ்சில் இறங்குவது தெரிந்தது. இன்னொரு சிரட்டை குடித்தார். மெல்லக் குடிக்கச் சொன்னாள். மெல்லக் குடித்தார். கைகால் தன்னுடையது என்று ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. எழுந்து உட்கார்ந்து, சிரட்டையைத் தானே வாங்கி, பானையருகே போய், வயிறு நிறைகிற வரை குடித்தார்.

குடித்து முடித்ததும் அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை. தண்ணீர் அவ்வளவு நன்றாக இருந்தது.

"யாருங்க ஊத்துனது?"

"தெரியாதுங்க."

"ஏறிப் போறவிங்களா?"

"ஏறுறவிங்க ஊத்த மாட்டாங்க. ஊத்தவும் கூடாது. அவிங்களுக்கு இன்னும் எவ்வளவு வேணுமுன்னு அவிங்களுக்கே தெரியாதுல்ல? இறங்குறவிங்கதான் ஊத்துவாங்க. இங்க வந்து நின்னு பார்ப்பாங்க. இனி நமக்கு இத்தனை வேண்டாம்னு தெரிஞ்சதும், மிச்சத்தை இதுல ஊத்திட்டு இறங்கிருவாங்க. இந்த மலையில அதுதான் வழக்கம்."

நாச்சிமுத்தின் கை சிரட்டையோடு நின்றது.

"யாருக்குன்னு..."

"யாருக்குன்னு தெரியாதுங்க."

வெளியே வெயில் கொளுத்தியது. பாறைக்கடியில் நிழலாக இருந்தது.

அவருக்கு யாரோ ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்தாள். அவளை அவர் பார்த்ததே இல்லை. ஆசுபத்திரி வராந்தாவில் நிற்கிறாள். அவள் பெற்ற உயிர் ஒன்று உள்ளே கிடக்கிறது, இனி எழுந்திருக்காது. யாரோ வந்து அவளிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்கிறார்கள். அவள் அழுதுகொண்டே சரி என்று தலையாட்டுகிறாள்.

இத்தனை நாளாக நன்றி நன்றி என்று அலைந்தவர், அந்த முகத்தை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. கடனை எப்படித் தீர்ப்பது என்பதைத்தான் நினைத்திருந்தார்.

"அவிங்களுக்கு நான் என்ன பண்ணோணுமுங்கம்மா?"

பொன்னாத்தாள் எழுந்தாள். அவரைத் தாண்டி, பாறையின் கோடி மூலைக்குப் போனாள். அங்கே இன்னொரு பானை இருந்தது. இருட்டு மூலை. வந்தவர்கள் யாரும் அதுவரை போகவில்லை போலிருக்கிறது. மூடியின் மேல் தூசி கனமாகப் படிந்திருந்தது.

மூடியைத் திறந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். விளிம்புவரை தண்ணீர். பச்சையாகப் பாசி. அதில் புழு நெளிந்தது.

"இதுவும் யாரோ ஊத்துனதுதானுங்களா?"

"ஆமாங்க."

"யாரும் குடிக்கலீங்களா?"

"யாரும் குடிக்கலீங்க."

பொன்னாத்தாள் பானையைச் சுற்றியிருந்த மண்ணைக் கையால் பறித்தாள். நாச்சிமுத்தும் ஒரு கை கொடுத்தார். இரண்டு பேருமாகத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அவள் அதைப் பாறைமேல் கவிழ்த்தாள்.

தண்ணீர் பாறையில் பரவி ஓடியது. ஓடிய வேகத்திலேயே ஓரங்கள் காயத் தொடங்கின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் கையகலம் நின்றது.

பொன்னாத்தாள் குனிந்து, அந்தக் கையகல ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வருத்தத்தை நாச்சிமுத்து அதற்கு முன் பார்த்ததில்லை. செத்த வீட்டில் இருக்கிற முகம்.

பிறகு நிமிர்ந்தாள். உச்சியைக் காட்டினாள். வேல் அங்கே வெயிலில் மின்னியது. நல்ல நிழல், நல்ல தண்ணீர், இன்னும் கொஞ்ச தூரம்.

"தெம்பு வந்துருச்சுங்களாண்ணா? மேல போலாமுங்களா?"

நாச்சிமுத்து உச்சியைப் பார்த்தார். காய்ந்துபோன பாறையைப் பார்த்தார்.

"வேண்டாமுங்க. நான் வீட்டுக்குப் போகோணும். பொழுதோட மாத்திரை இருக்குது."

பொன்னாத்தாள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

கீழே வைத்திருந்த கேனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். தன் பையிலிருந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்து நீட்டி, இறங்குவதற்கு வேண்டியதை அதில் பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் பிடித்து வைத்தார். கேனில் மிச்சம் இருந்தது.

"இப்ப நாம இறங்குறவிங்க" என்றாள்.

நாச்சிமுத்து அந்த மிச்சத்தை, தான் குடித்த பானையில் ஊற்றினார். அவசரப்படாமல், ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றினார். மூடியை மூடினார். மூடிமேல் கல்லை வைத்தார். வைத்துவிட்டு, யாரென்று தெரியாத யாருக்கோ, நல்லா இருங்க சாமி என்று வாய்விட்டுச் சொன்னார். முன்னால் ஊற்றியவர்களுக்குச் சொன்னாரா, இனிக் குடிக்கப்போகிறவர்களுக்குச் சொன்னாரா என்று அவருக்குத் தெரியவில்லை. மனசு மட்டும் லேசாக இருந்தது.

இறங்கும்போது பொன்னாத்தாள் பாட்டிலை நீட்டிய இடத்திலெல்லாம் மறுக்காமல் வாங்கிக் குடித்தார். மறுநாள் தேங்காய் மூட்டை எதுவும் போகவில்லை.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். இராமாத்தாள் சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை டப்பா மேடைமேல் திறக்காமல் இருந்தது.

"உச்சிக்குப் போனீங்களா?"

"இல்ல."

"சொல்லலையா?"

அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். வேட்டி கிழிந்ததைச் சொன்னபோது அவள் அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். கால் இழுத்துப் பாறைக்கடியில் கிடந்ததைச் சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்குகிறவர்கள் ஊற்றிவிட்டுப் போவதைச் சொன்னபோது முக்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக் கேட்டாள்.

"ரெண்டு பானை இருந்துது கண்ணு. ஒண்ணுல நான் குடிச்சேன். மூலையில இருந்த இன்னொண்ணை யாருமே குடிக்கல. கெட்டுப்போச்சு."

"எவ்வளவு?"

"விளிம்பு வரைக்கும்."

"என்ன பண்ணுனீங்க?"

"பாறைமேல கவுத்துட்டோம்."

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

இராமாத்தாள் நெஞ்சில் கைவைத்தாள். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று சின்ன டம்ளரில் அளந்து குடித்தவள் அவள். அந்த டம்ளரைக் காலையிலேயே குடித்து முடித்துவிட்டு, ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, குழாயடியில் மற்றவர்கள் குடம் கழுவி ஊற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி இரண்டு வருசம் கிடந்தவள்.

"அந்த வெயில்ல, அவ்வளவு தூரம் சுமந்துட்டுப் போயி..." என்றாள். "தனக்குக்கூட வெச்சுக்காம ஊத்துன தண்ணியை..."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாச்சிமுத்து தடுக்கவில்லை.

அழுது முடித்து, கண்ணைத் துடைத்து, கையை நீட்டினாள்.

"மாத்திரையை எடுங்க. சொம்பு நிறையத் தண்ணி கொண்டாங்க."